அழையா விருந்தாளி: இழைக் கோட்பாட்டுக்குள் ஈர்ப்பு வந்த கதை

அபுதாபி, துபாய், ஷார்ஜா தொடங்கி மஸ்கட், தோஹா, குவைத் வரை பல ஊர்களிலிருந்து இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். இலக்கியக் கூட்டத்தில் இயற்பியல் எதற்கு என்று தோன்றலாம். நான் சொல்லப்போவது ஒரு வரலாறு. மனிதர்கள் ஒன்றைத் தேடிப் போய் வேறொன்றைக் கண்டெடுத்த வரலாறு. அதில் நம் ஊர்க்காரர்கள் சிலரும் வருகிறார்கள். நான் இயற்பியல் ஆய்வாளன் அல்ல. கட்டுமானப் பொறியாளன். கட்டடத்தின் எடையைக் கணக்கிட்டுப் பிழைப்பவன். ஈர்ப்பு விசையோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற தகுதி மட்டும் எனக்கு உண்டு.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் இருக்கிறது. 2025 ஜனவரியில் அபுதாபியில், சாதியாத் தீவில் இருக்கும் நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தில் ‘ஸ்ட்ரிங்ஸ் 2025’ மாநாடு நடந்தது. லூவ்ர் அருங்காட்சியகத்தைப் பார்க்க வாரயிறுதியில் குடும்பத்தோடு போகிறோமே, அதே தீவு. ஸ்ட்ரிங் தியரி என்கிற இழைக் கோட்பாட்டில் வேலை செய்கிறவர்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நாட்டில் கூடுகிறார்கள். 2001இல் மும்பையில் கூடினார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் அதற்கு வந்திருந்தார். 2015இல் பெங்களூரு. இந்த முறை நம் வாசலுக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் எதற்காக இத்தனை ஆண்டுகளாக இப்படிக் கூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நாமும் தெரிந்துகொள்ளலாம் இல்லையா?

நான் சொல்லவருவதன் சுருக்கம் இது. இழைக் கோட்பாடு ஈர்ப்பை விளக்குவதற்காக உருவானது அல்ல. ஈர்ப்பு அதற்குள் கூப்பிடாமல் வந்தது. வந்த பிறகு அது செய்துகாட்டிய மிகப் பெரிய காரியம் ஒரு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையின் வழிமுறையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு எதற்காகவோ செய்துவைத்தவர்களில் ஒருவர் கும்பகோணத்துக்காரர்.

முதலில், ஈர்ப்பில் விளக்க என்ன பாக்கி இருக்கிறது? நியூட்டன் 1687இல் மரத்திலிருந்து விழும் பழத்தையும் வானத்தில் சுற்றும் நிலவையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார். ஆனால் இத்தனை தூரத்திலிருந்து சூரியன் பூமியை எப்படி இழுக்கிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் அந்த விடையைத் தந்தார். நிறை இருக்கும் இடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன. அந்த வளைவைத்தான் நாம் ஈர்ப்பு என்கிறோம். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஷேக் ஸாயித் சாலையில் நமக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம், தரையில் உள்ள கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடுகிறது. ஐன்ஸ்டைன் கணக்கை வைத்து அதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் நம் வண்டி பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்பதாகக் காட்டும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? அணுவுக்குள்ளே. அங்கே குவாண்டம் இயற்பியல் ஆட்சி செய்கிறது. அதன்படி விசை என்றால் துகள்களின் கொடுக்கல் வாங்கல். மின்விசைக்கு ஒளித்துகள் இருப்பதுபோல ஈர்ப்புக்கும் ஒரு துகள் இருக்க வேண்டும். கிராவிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிட முடியும். ஈர்ப்பின் வீச்சுக்கு எல்லை இல்லை என்பதால் அதற்கு நிறை இருக்கக் கூடாது. தற்சுழற்சி என்று துகள்களுக்கு ஓர் அடையாள எண் உண்டு. எலெக்ட்ரானுக்கு அரை, ஒளித்துகளுக்கு 1. கிராவிட்டானுக்கு 2 இருக்க வேண்டும். 1960களில் ஸ்டீவன் வைன்பெர்க் இதைத் திருப்பியும் சொன்னார்: நிறையில்லாத, தற்சுழற்சி 2 உள்ள துகள் ஒன்று மற்றவற்றோடு உறவாடினால், அது எல்லாப் பொருள்களையும் ஒரே விதமாகத்தான் இழுத்தாக வேண்டும். கலிலியோ காலத்திலிருந்து ஈர்ப்பைப் பற்றி நாம் அறிந்திருக்கும் குணம் அதுதான்.

ஆனால் இந்தத் துகளை வைத்துக் கணக்குப் போட்டால் விடை முடிவிலிக்குப் போகிறது. துகள்களைப் புள்ளி என்று எடுத்துக்கொள்வதுதான் வினை. இரண்டு புள்ளிகள் நெருங்கி நெருங்கி இடைவெளியே இல்லாமல் போகும்போது ஈர்ப்பு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. மற்ற விசைகளில் இந்த முடிவிலிகளை முறையாகக் கழித்துவிடும் உத்தி இருக்கிறது. ஈர்ப்பில் அந்த உத்தி பலிக்கவில்லை.

இப்போது காட்சி மாறுகிறது. 1968. ஜெனீவாவில் செர்ன் ஆய்வு மையம். கேப்ரியேல் வெனிசியானோ என்ற இத்தாலிய இளைஞர், ஈர்ப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிக்கலில் இருந்தார். அணுக்கருவைக் கட்டிப்போடும் வன்விசை பற்றிய சிக்கல். அந்தத் துகள்களின் மோதலை விவரிக்க அவருக்குப் பொருத்தமாகக் கிடைத்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதிய ஒரு கணிதச் சார்பு. அது பொருந்தியது, ஏன் பொருந்தியது என்று தெரியவில்லை. ஓரிரு ஆண்டுகளில் நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் மூவரும் தனித்தனியே காரணத்தைச் சொன்னார்கள். அந்தச் சூத்திரம் விவரிப்பது புள்ளிகளை அல்ல, அதிரும் இழைகளை.

வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தந்தி, அது அதிரும் விதத்தைப் பொறுத்து வெவ்வேறு சுரம். அதேபோல ஒரே இழை. அது அதிரும் விதத்தைப் பொறுத்து வெவ்வேறு துகள். அழகான எண்ணம். ஆனால் ஒரு தொல்லை வந்தது. இழையின் இரண்டு நுனிகளும் சேர்ந்து வளையமானால், அதன் அதிர்வுகளில் ஒன்று நிறையில்லாததாகவும் தற்சுழற்சி 2 உள்ளதாகவும் வந்து நின்றது. அணுக்கருவுக்குள் அப்படி ஒரு துகள் கிடையாது. அதை விரட்ட என்னென்னவோ செய்து பார்த்தார்கள். போகவில்லை. 1973இல் வன்விசைக்கு வேறொரு நல்ல கோட்பாடு கிடைத்துவிட்டது. இழைகளுக்கு வேலை போயிற்று. பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள்.

1974இல் ஜோயல் ஷெர்க், ஜான் ஷ்வார்ட்ஸ் இருவரும், ஜப்பானில் யோனேயா தனியாகவும், அந்த வேண்டாத துகளை நேராகப் பார்த்தார்கள். நிறை இல்லை, தற்சுழற்சி 2. இது கிராவிட்டான் அல்லவா! அணுக்கரு அளவில் நினைத்திருந்த இழையை இன்னும் சிறிதாக, 1-க்குப் பின் 20 சுழியங்கள் போட்டு வரும் எண்ணால் வகுத்த அளவுக்குச் சிறிதாக நினைத்துக்கொண்டால், இது ஈர்ப்பின் கோட்பாடாக ஆகிவிடும். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஷெர்க் 1980இல் இளவயதிலேயே இறந்துபோனார். ஷ்வார்ட்ஸ் கால்டெக்கில் நிரந்தரப் பேராசிரியர் பதவி இல்லாமலே ஆண்டுக்கணக்கில் இதில் உழைத்தார். 1984இல் மைக்கேல் கிரீனோடு சேர்ந்து, இந்தக் கோட்பாட்டைக் கவிழ்த்துவிடும் என்று எல்லோரும் நினைத்த ஒரு முரண்பாடு உள்ளுக்குள் தானாகவே நீங்கிவிடுகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் கூட்டம் திரும்பி வந்தது.

முடிவிலிச் சிக்கல் என்ன ஆயிற்று? பவானியில் கூடுதுறைக்குப் போயிருப்பவர்கள் நினைத்துப் பாருங்கள். பவானி ஆறும் காவிரியும் சேரும் இடம் அது. சரியாக எந்தப் புள்ளியில் சேர்கின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா? முடியாது. நீர்ப்பரப்பு அகலமாகக் கலந்துகொள்கிறது. இரண்டு வளைய இழைகள் சேர்வதும் அப்படித்தான். மோதும் புள்ளி என்று ஒன்று இல்லாததால், அந்தப் புள்ளியில் பிறக்கும் முடிவிலியும் இல்லை. இன்னொன்றையும் 1980களின் நடுவில் கண்டார்கள். இழை தன் கணக்குக்குள் முரண்பாடு இல்லாமல் அதிர வேண்டுமானால், அது அதிரும் வெளி-காலம் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். 1915இல் ஐன்ஸ்டைன் சிந்தித்து அடைந்த சமன்பாடு இங்கே ஒரு நிபந்தனையாக வெளியே வருகிறது. இழைக் கோட்பாடு ஈர்ப்பை விளக்குகிறது என்று சொல்லும்போது அவர்கள் முதலில் குறிப்பிடுவது இதைத்தான்.

சரி, அந்த அதிர்வுக்கு ஏன் நிறை இல்லாமல் போயிற்று? இங்கேதான் ராமானுஜன் வருகிறார்.

குவாண்டம் உலகில் எதுவும் முழுதாக ஓய்ந்து இருப்பதில்லை. மீட்டாத தந்தியிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் சிறிது நடுக்கம் எஞ்சி இருக்கும். முதல் சுரத்துக்கு 1-இல் பாதி, இரண்டாம் சுரத்துக்கு 2-இல் பாதி, மூன்றாவதுக்கு 3-இல் பாதி. முடிவில்லாமல் கூட்டினால் 1 + 2 + 3 + 4 என்று போகும் தொடரில் பாதி. சாதாரணக் கணக்கில் அது முடிவிலி. 1913 பிப்ரவரி 27 அன்று, சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில், தன் முறைப்படி இந்தத் தொடரின் மதிப்பு மைனஸ் 1/12 என்று ராமானுஜன் எழுதினார். இதைச் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று அவரே கேலியாகச் சேர்த்துக்கொண்டார். அவருக்கு முன்பே ஆய்லரும் ரீமனும் இதே மதிப்பை வேறு வழிகளில் அடைந்திருந்தார்கள். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் வியப்பு. முடிவிலியாகப் பெருகும் பகுதியை முறையாகப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது இந்த மைனஸ் 1/12.

இழையில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு திசைக்குப் பாதி, அதாவது மைனஸ் 1/24. இழை குறுக்காக அதிரக்கூடிய திசைகள் 24 என்றால், மொத்த நடுக்கம் சரியாக மைனஸ் 1. இழையை மிக மெதுவாக ஒருமுறை மீட்டினால் சேரும் ஆற்றல் பிளஸ் 1. இரண்டும் கழிந்து சுழியம். நிறை இல்லை. வளைய இழையில் அலைகள் இடமும் வலமுமாக இரண்டு பக்கமும் ஓடும். இரண்டிலும் இதேதான் நடக்கிறது. அங்கே பிறப்பதுதான் கிராவிட்டான். 24 குறுக்குத் திசைகளோடு இழையின் நீளவாக்கையும் காலத்தையும் சேர்த்தால் 26 பரிமாணம். முதலில் உருவான இழைக் கோட்பாட்டுக்கு 26 பரிமாணங்கள் தேவைப்பட்டது இதனால்தான். பின்னர் வந்த மேம்பட்ட வடிவத்தில் அது 10 ஆகக் குறைந்தது.

வீணையிலும் 24 மெட்டுகள்தான் இருக்கின்றன. உடனே வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடாதீர்கள். அது தற்செயல். நம் முன்னோர்க்கு இழைக் கோட்பாடு தெரியும் என்று யாராவது கிளம்பினால் ராமானுஜன் செய்த உண்மையான வேலை அந்தக் கூச்சலில் மறைந்துபோகும். அவருக்கு இழைக் கோட்பாடு தெரியாது. அவருக்குத் தெரிந்தது எண்கள். அந்த எண்கள் எப்படி ஈர்ப்புக்குள் வந்தன என்பதை இனிச் சொல்கிறேன்.

அதற்குக் கருந்துளைக்குப் போக வேண்டும். வழியில் இன்னொரு கப்பல் பயணம். 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது சந்திரசேகர், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சலாலா கரையில் மோதுகிறதே, அதே அரபிக் கடலைக் கடந்து போன அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கு, செத்துக் குளிரும் விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்றது. இன்று நாம் ஏற்றிருக்கும் அளவில் அது சூரியனைப் போல 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் விண்மீன் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்நோக்கி விழத் தொடங்கும். 1935 ஜனவரியில் லண்டனில் எடிங்டன் அதைப் பலர் முன்னிலையில் ஏளனம் செய்தார். 1983இல் நோபல் வந்தது. மிகப் பெரிய விண்மீன்கள் அப்படி விழுந்துகொண்டே போனால் முடிவு கருந்துளை.

1970களின் தொடக்கத்தில் யாக்கோப் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கருந்துளைக்கும் வெப்பம் உண்டு, என்ட்ரோபி உண்டு என்றார்கள். என்ட்ரோபி என்றால் பயப்பட வேண்டாம். அது ஒருவகையில் எண்ணிக்கைதான். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும் ஒரு பொருள், உள்ளே எத்தனை விதமாக அடுக்கப்பட்டிருக்க முடியும் என்ற எண்ணிக்கையின் அளவு அது. கருந்துளைக்கு அது அதன் மேற்பரப்பில் கால் பங்கு. பிளாங்க் அளவு என்ற மிகச் சிறிய அலகில் அளக்க வேண்டும். ஆனால் எதை எண்ணினால் இந்தக் கால் பங்கு வரும்? ஐன்ஸ்டைன் கோட்பாட்டில் கருந்துளைக்கு நிறை, சுழற்சி, மின்னேற்றம் தவிர வேறு அடையாளமே கிடையாது. நெல் மூட்டையைத் தைத்து எடை போட்டாயிற்று. உள்ளே மணிகள் இருக்கின்றன என்று எடை சொல்கிறது. மணியை யாரும் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது கேள்வி.

1995இல் அசோக் சென் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொல்கத்தாவில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அப்போது பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். நிறைய அதிரும் ஒற்றை இழையையே ஒரு கருந்துளையாகக் கருதலாம் என்று எடுத்துக்கொண்டார். அந்த இழையின் அதிர்வுகளை எண்ணினால் பரப்போடு பொருந்தும் வடிவில் விடை வந்தது. கால் பங்கு என்ற அந்த எண்ணை மட்டும் அந்த முறையால் உறுதிசெய்ய முடியவில்லை.

இழையின் அதிர்வுகளை எண்ணுவது எப்படி? 4 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதமாகப் பிரிக்கலாம். இழைக்கு 4 பங்கு ஆற்றல் கிடைத்தால், அதை நான்காம் சுரத்துக்கு மொத்தமாகக் கொடுக்கலாம், அல்லது மூன்றாவதற்கும் முதலாவதற்கும் பிரித்துக் கொடுக்கலாம், இப்படியே. ஆக, ஒரு திசையில் அதிரும் இழையின் நிலைகளை எண்ணுவதும் ஓர் எண்ணைப் பிரிக்கும் வழிகளை எண்ணுவதும் ஒரே வேலை. 10-ஐ 42 விதமாகப் பிரிக்கலாம். 100-ஐ 19,05,69,292 விதமாகப் பிரிக்கலாம். 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். 200-க்கு அந்தச் சூத்திரம் கொடுத்த விடையை, மேக்மஹோன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த 39,72,99,90,29,388 என்ற எண்ணோடு ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட 4 லட்சம் கோடியில் வித்தியாசம் வெறும் 0.004. திசைகள் 24 ஆனால்? அந்த எண்ணிக்கையைத் தரும் சார்பு, ராமானுஜன் 1916இல் ஆராய்ந்த ஒரு சார்பின் தலைகீழ். சென் எண்ணிய இழைக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

1996 ஜனவரியில் ஆண்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சரும் கம்ரான் வாஃபாவும் முழு விடையோடு வந்தார்கள். வாஃபா நம் வளைகுடாவின் அக்கரைக்காரர், தெஹ்ரானில் பிறந்தவர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஐந்து பரிமாணத்தில், மின்னேற்றம் உச்சத்தில் இருக்கும் ஒரு தனிவகைக் கருந்துளை. முதலில் ஈர்ப்பை மிகக் குறைத்துவைத்து இழைகளின் நிலைகளை எண்ணினார்கள். ஈர்ப்பைக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை மாறாது என்பதற்குக் கோட்பாட்டிலேயே ஒரு சமச்சீர் காவல் இருக்கிறது. எண்ணி முடித்தபோது பரப்பில் கால் பங்கு, சரியாகக் கால் பங்கு, வந்தது. பெரிய எண்களுக்கு அவர்கள் பயன்படுத்திய சூத்திரம் ஹார்டி-ராமானுஜன் சூத்திரத்தின் நேரடி வாரிசு. மூட்டைக்குள் இருந்த மணிகளை முதன்முறையாக எண்ணியாயிற்று.

அதே ஆண்டில், அத்தகைய கருந்துளையைச் சற்றே சூடாக்கினால் அது வெளிவிடும் கதிர்வீச்சின் வேகத்தை சுமித் தாஸும் சமீர் மாத்தூரும் இழைக் கணக்கில் போட்டார்கள். ஹாக்கிங் சொன்ன விடையோடு ஒத்துப்போனது. டாட்டா நிறுவனத்தில் தார், மண்டல், வாடியா மூவரும் அதே திசையில் உழைத்தார்கள். இந்தியாவிலிருந்து இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் முன்வரிசைக்கு எப்படி வந்தார்கள்? திறமை ஒரு காரணம். இன்னொரு காரணம் தபால். இங்கே பழையவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஒரு செய்தி சொல்ல கேசட்டில் குரலைப் பதிந்து யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளும் அப்படித்தான் கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இன்று அது ஆர்க்கைவ் என்ற பெயரில் இருக்கிறது. முதலில் அதற்குள் வந்தவர்கள் இந்த இழைக்காரர்கள்தான். பிரின்ஸ்டனில் இருப்பவர் படிக்கும் அன்றே பம்பாயில் இருப்பவரும் படிக்கலாம் என்றானது.

ராமானுஜன் இன்னொரு முறையும் வருகிறார். 1920 ஜனவரியில், நோயில் கிடந்தபடி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் ‘மாக் தீட்டா’ என்று தாமே பெயரிட்ட புதுவகைச் சார்புகள் இருந்தன. ஏப்ரல் 26 அன்று சென்னையில், 32 வயதில் காலமானார். அந்தச் சார்புகள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எண்பது ஆண்டுகளுக்குமேல் யாருக்கும் தெளிவாகவில்லை. 2002இல் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வில் அதைக் கண்டுபிடித்தார். 2012இல் அதிஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் ஸாகியர் மூவரும் அவற்றைக் கருந்துளைக் கணக்கில் கொண்டுவந்து வைத்தார்கள். தனியாக நிற்கும் கருந்துளையின் நிலைகளை, இரண்டு சேர்ந்து ஒன்றுபோலத் தோன்றும் ஜோடியின் நிலைகளிலிருந்து பிரித்து எண்ண வேண்டியிருந்தது. அப்படிப் பிரித்தபோது கிடைத்தவை இந்தச் சார்புகளின் குடும்பம். தபோல்கர் இப்போது இத்தாலியில், நம் பாகிஸ்தானிய நண்பர்கள் பெருமையோடு சொல்லும் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய ஆய்வு மையத்தின் இயக்குநராக 2019இல் பொறுப்பேற்றவர். எண்ணும் வேலை சென்னையிலும் நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இழைக் கோட்பாட்டாளர் சுரேஷ் கோவிந்தராஜன், தன் மாணவர்களோடு, எண்களை முப்பரிமாணத்தில் அடுக்கிப் பிரிக்கும் வழிகளை 68 வரைக்கும் ஒன்றுவிடாமல் எண்ணி 2011இல் வெளியிட்டார்.

இனி, கேட்க வேண்டிய கேள்வி. இதெல்லாம் உண்மையா?

கணக்கு உண்மை. இயற்கை அப்படித்தான் இருக்கிறதா என்பதற்குச் சோதனைச் சான்று இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தம் ஒரு குண்டூசியைத் தூக்கும்போது, அந்த ஊசியைக் கீழே இழுக்கும் முழுப் பூமியையும் தோற்கடிக்கிறது. ஈர்ப்பு அவ்வளவு பலவீனம். அதன் குவாண்டம் முகத்தை நேரடியாகப் பார்க்க, செர்னில் உள்ள உலகின் மிகப் பெரிய மோதுகருவியைப் போலப் பல லட்சம் கோடி மடங்கு ஆற்றல் வேண்டும். 10 பரிமாணங்களில் நமக்குத் தெரியாத ஆறும் சுருண்டு கிடக்கின்றன என்கிறார்கள். அவை சுருளக்கூடிய விதங்கள் கணக்கிலடங்காமல் இருப்பதால், நம் உலகம் எந்த விதம் என்று கோட்பாட்டால் சொல்ல முடியவில்லை. இழைக்காரர்கள் பலர் எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துகள்கள் செர்னில் இதுவரை தென்படவில்லை. மணிகளை எண்ணிய கருந்துளையும் தனிவகை. 2019இலும் 2022இலும் படம் வெளியிட்டார்களே, அந்த நிஜக் கருந்துளைகளுக்கு இவ்வளவு துல்லியமாக இன்னும் எண்ண முடியவில்லை.

போட்டிக் கோட்பாடும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986இல் வழி திறந்துவிட்ட கண்ணிக் குவாண்டம் ஈர்ப்பு. அது வெளியையே சிறு துணுக்குகளாகப் பார்க்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கவுலும் மஜும்தாரும், கால் பங்கு விதிக்கு அடுத்து வரும் நுண்ணிய திருத்தத்தை அந்த வழியில் 2000இல் கணக்கிட்டார்கள். 2012இல் அசோக் சென் அதே திருத்தத்தை எந்தத் தரப்பையும் சாராத ஈர்ப்புக் கணக்கில் போட்டுப் பார்த்து, கண்ணிக் கோட்பாட்டின் விடையோடு அது ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். வழக்கு தீரவில்லை. ஆனால் கவனியுங்கள்: சோதனைச்சாலை இல்லாதபோதும் இவர்கள் ஒருவரை ஒருவர் பிடிக்க ஒரு பிடி இருக்கிறது. யார் எண்ணினாலும் ஒரே எண்தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. மேடையில் வாய்ச்சாலகத்தால் அதை மூட முடியாது.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஒழுக்கம்தான். எடை கணக்கிடும் என் தொழிலில் பிழை ஒருநாள் விரிசலாகத் தெரிந்துவிடும். இவர்களுக்கு விரிசல் தெரியும் காலம் தம் ஆயுளில் வராமலே போகலாம். அப்படியிருந்தும் ஒரு கால் பங்கு சரியாக வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். ராமானுஜன் எண்களைப் பிரித்தபோது அதனால் ஒரு பயனும் இல்லை என்றே தோன்றியது. ஷெர்க்கும் ஷ்வார்ட்ஸும் வேண்டாத துகளைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டபோது கேட்க ஆள் இல்லை. இழைக் கோட்பாடு நாளை தவறு என்று தீர்ப்பானாலும், கருந்துளைக்குள் எண்ணக்கூடிய ஏதோ இருக்கிறது என்ற அறிவை அது கொடுத்துவிட்டுத்தான் போகும்.

நம் பிள்ளைகள் அபுதாபியிலும் மஸ்கட்டிலும் பள்ளியில் படிக்கிறார்கள். ராமானுஜன் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்போது, நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையோடு நிறுத்திவிடாதீர்கள். 4-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று கேளுங்கள். பிறகு 5, பிறகு 6. விரல்விட்டு எண்ணத் தொடங்கும் அந்தப் பிள்ளை, கருந்துளையை எண்ணியவர்கள் நுழைந்த வாசலில்தான் நிற்கிறது.

உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.